நூலகம் இருக்கிறது... தேடத் தெரிகிறதா?



மாணவர் மன்ற மலர் என்றால் கவிதை வரும், கடி ஜோக் வரும், சுற்றுலா போய் வந்த கதை வரும். இந்த முறை நான் நூலகத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பக்கத்து பெஞ்சு நண்பன் கேட்டான்: "ஏண்டா, செமஸ்டருக்குப் படிக்கவே நேரம் இல்ல. இதுல லைப்ரரியைப் பத்தி எழுதினா யாரு படிப்பா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியிலேயே என் பதிலும் இருக்கிறது. நேரம் நிறைய உள்ளவன் நூலகத்தில் எப்படி வேண்டுமானாலும் தேடலாம். நேரம் இல்லாதவனுக்குத்தான் சரியாகத் தேடத் தெரிந்திருக்க வேண்டும். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகிற நாம் எல்லோரும் அந்த இரண்டாவது வகைதான். சைட்டில் கான்கிரீட் மிக்சர் ஓடிக்கொண்டிருக்கும்போது, "இருங்க சார், மூணு நாள் படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்ல முடியுமா?

எனவே இந்தக் கட்டுரை புத்தகம் படிப்பதைப் பற்றியது அல்ல. வேண்டிய தகவலைத் தேடி எடுத்து, அது சரிதானா என்று எடைபோட்டு, வேலைக்குப் பயன்படுத்துகிற திறமையைப் பற்றியது. நூலகத் துறையினர் இதற்கு 'தகவல் எழுத்தறிவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தத் திறமையைச் சிறப்பு நூலகங்களுக்கு வருகிற வாசகர்களுக்கு எப்படிக் கற்றுக் கொடுப்பது என்பதுதான் நம் பொருள்.

எது சிறப்பு நூலகம்?

பொது நூலகம் ஊர் மக்கள் எல்லோருக்கும் உரியது. கதைப் புத்தகம் முதல் வேலைவாய்ப்புச் செய்தி வரை அங்கே கிடைக்கும். கல்லூரி நூலகம் பாடத்திட்டத்தை ஒட்டி நடப்பது. சிறப்பு நூலகம் இந்த இரண்டிலிருந்தும் மாறுபட்டது. ஒரு துறைக்காக, அல்லது ஒரு நிறுவனத்தின் வேலைக்காக மட்டும் அமைந்தது அது. ஆராய்ச்சி நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம், தொழிற்சாலை, அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருக்கும்.

நம் பக்கத்திலேயே எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். மேலூரில் மதுரை பஸ் ஏறினால் மாட்டுத்தாவணி போய்ச் சேருவதற்குள் ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி வருகிறது. 1965-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு வேளாண் நூலகம் உண்டு. அதே சாலையில்தான் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை நடக்கிறது. வழக்கறிஞருக்குத் தீர்ப்புத் தொகுதி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. நகருக்குள் போனால் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் நூலகம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-ல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தின் நூலகம். 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். கிழக்கே காரைக்குடிக்குப் போனால், வள்ளல் அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். நம்மைச் சுற்றி இவ்வளவு இருந்தும் நாம் தேடப் போவது ஜெராக்ஸ் கடையில் விற்கிற கைடைத்தான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான் இது.

சிறப்பு நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் தலைப்புப் போட்டு பைண்டு செய்த புத்தகங்கள் அல்ல. ஆராய்ச்சி இதழ்கள், சோதனை அறிக்கைகள், தரக்குறியீடுகள், காப்புரிமை ஆவணங்கள், வரைபடங்கள், அரசிதழ்கள், தீர்ப்புகள், இப்போது கம்ப்யூட்டர் வழியே கிடைக்கும் தரவுத்தளங்கள். இவற்றில் பலவற்றை நுனியிலிருந்து அடிவரை யாரும் படிப்பதில்லை. வேண்டிய ஒரு பக்கத்தை, சில சமயம் ஒரே ஒரு வரியைத்தான் எடுப்பார்கள். அந்த ஒரு வரியை எடுக்கத் தெரியாதவனுக்கு அந்த நூலகம் வெறும் அலமாரி.

நம் சீர்காழிக்காரர் சொன்னது

நூலகத்துறையை உலகத்துக்கே கற்றுக் கொடுத்தவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். முதலில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லையாம், திரும்ப வகுப்பறைக்கே போய்விட வேண்டும் என்று தவித்தாராம். பிறகு லண்டன் போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்ததும் மனம் மாறியது.

லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளை போட்ட பட்டைகள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் பாலம் வரும், கிரேன் வரும், வண்டி வரும். 'ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டலாமே' என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. நட்டும் போல்ட்டும் பிடிக்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேண்டுமா!

1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் நூலகத்துறையில் எங்கு போனாலும் பேசப்படுபவை. புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கு உரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளர்கின்ற ஓர் உயிர். இதில் நான்காவது விதிதான் சிறப்பு நூலகத்தின் உயிர்நாடி. டாக்டருக்கு ஆபரேஷனுக்கு முன்னால் வேண்டும். வக்கீலுக்கு வாய்தாவுக்கு முன்னால் வேண்டும். நமக்கு கான்கிரீட் இறுகுவதற்கு முன்னால் வேண்டும். புதிதாக வருகிற வாசகரைக் கூட்டிப் போய்ப் பழக்குவதையும் நூலகரின் கடமையாகவே ரங்கநாதன் வைத்தார்.

அமெரிக்காவில் சிறப்பு நூலகங்களுக்கான சங்கம் 1909-லேயே தொடங்கியது. நம் நாட்டில் 1955-ல் கல்கத்தாவில் 'இயாஸ்லிக்' என்ற சங்கம் வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்னதாகவே, 1952-ல், டில்லியில் இன்ஸ்டாக் என்ற அறிவியல் ஆவண மையம் தொடங்கப்பட்டது. தூரத்து ஊரில் இருக்கும் விஞ்ஞானி ஒரு கட்டுரை வேண்டும் என்று எழுதினால் நகல் எடுத்து அனுப்புவார்கள். பிறமொழிக் கட்டுரையானால் மொழிபெயர்த்தும் தருவார்கள். (அந்த மையம் பிற நிறுவனங்களோடு 2002-லும் 2021-லும் இணைக்கப்பட்டு இப்போது வேறு பெயரில் இருக்கிறது.) 1977-ல் நிசாட் என்ற தேசியத் திட்டம் வந்து துறைக்கு ஒரு தகவல் மையம் அமைத்தது. தோல் தொழிலுக்கான மையம் சென்னை சி.எல்.ஆர்.ஐ.யில் அமைந்தது.

மையம் கட்டியாயிற்று, ஆவணம் சேர்த்தாயிற்று. ஆனால் கேட்க வேண்டியவனுக்குக் கேட்கத் தெரியவில்லை என்றால்? 1974-ல் அமெரிக்காவில் பால் ஸுர்கோவ்ஸ்கி என்பவர் 'தகவல் எழுத்தறிவு' என்ற சொல்லைப் பயன்படுத்தியபோது அவர் மனத்தில் இருந்தவர்கள் வேலை செய்கிற மனிதர்கள்தான். தங்கள் தொழிலின் சிக்கலைத் தீர்க்கத் தகவலைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களே தகவல் எழுத்தறிவு பெற்றவர்கள் என்பது அவர் கருத்து. பின்னால் 1989-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு இதைச் சுருக்கமாக நான்கு வினைகளாகச் சொன்னது: தேவையை உணர்வது, தேடிக் கண்டுபிடிப்பது, மதிப்பிடுவது, பயன்படுத்துவது. இனி இவற்றை நம்ம ஊர் உதாரணங்களோடு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: கேள்வியைத் தீட்டு

"சார், கான்கிரீட் புக் இருக்கா?" இப்படித்தான் நாம் போய்க் கேட்கிறோம். லைப்ரேரியன் சாரும் கையைக் காட்டுகிறார். டூயி பகுப்பு முறையில் 620-ல் பொறியியல், 621.3-ல் மின்சாரம், 624-ல் சிவில், 690-ல் கட்டடம் என்று அடுக்கியிருக்கும். அங்கே போய் நின்றால் தலை சுற்றும். ஏன் என்றால் நமக்கு வேண்டியது கான்கிரீட் புத்தகமே அல்ல. 'வீட்டு மாடித் தளத்துக்குக் குறைந்தபட்சம் எந்த கிரேடு போட வேண்டும்?' என்ற கேள்விக்குப் பதில்தான் வேண்டும். கேள்வி கூர்மையானால் பாதித் தேடல் முடிந்த மாதிரி. நல்ல நூலகர் எதிர்க்கேள்வி கேட்பார்: "எதுக்குப்பா வேணும்? புராஜெக்ட்டுக்கா, சைட்டுக்கா? எந்த வருஷத்துது வேணும்?" அவர் தொல்லை கொடுக்கிறார் என்று நினைக்காதீர்கள். உங்கள் கேள்வியைச் சாணை பிடித்துக் கொடுக்கிறார்.

இரண்டாம் படி: எந்த வகை ஆவணம்?

பதில் பாடப்புத்தகத்திலும் இருக்கலாம். ஆனால் பாடப்புத்தகம் ஒருவர் படித்துவிட்டு எழுதியது. அவர் எதைப் படித்து எழுதினாரோ அந்த மூல ஆவணம் ஐ.எஸ். கோடு. சாட்சியைக் கேட்பதா, சாட்சி சொன்னதாகச் சொல்கிறவரைக் கேட்பதா?

மேலே சொன்ன கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஐ.எஸ். 456 என்ற கோடு முதலில் 1953-ல் வந்தது. பிறகு 1957, 1964, 1978, 2000 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 1978-ன் பதிப்பில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம்-15 போதும். 2000-ம் ஆண்டுப் பதிப்பு அதைக் குறைந்தபட்சம் எம்-20 என்று உயர்த்திவிட்டது. நம் பக்கத்துக் கொத்தனார்கள் கணக்கில் சொன்னால், 1:2:4 கலவை போய் 1:1½:3 வந்துவிட்டது. நூலகத்தில் பழைய பதிப்புப் புத்தகம் ஒன்று இருக்கும். அதில் 1:2:4 என்று அழகாக அச்சாகி இருக்கும். புத்தகம் பொய் சொல்லவில்லை. அது எழுதப்பட்ட காலத்தில் அது சரி. ஆனால் இன்று அதைப் பார்த்து மாடி போடச் சொன்னால்? கூரைக்குக் கீழே படுத்துத் தூங்கப் போவது ஒரு குடும்பம். தகவல் எழுத்தறிவு என்பது பெரிய படிப்பாளிகளின் பொழுதுபோக்கு அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கும் இதே கதை. எர்த்திங்குக்கு ஐ.எஸ். 3043 என்ற கோடு 1966-ல் வந்தது, 1987-லும் 2018-லும் திருத்தப்பட்டது. எண்ணைத் தெரிந்து வைத்திருந்தால் போதாது. எண்ணுக்குப் பின்னால் வருகிற ஆண்டையும் பார்க்க வேண்டும். அட்டையில் 'மறு உறுதி' என்று ஓர் ஆண்டு போட்டிருக்கிறதா, திருத்தத் தாள் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு புதுப் பதிப்பு வந்துவிட்டதா என்பதைத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். முன்பு கோடுகளை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. இப்போது இந்தியத் தரங்களில் பெரும்பாலானவற்றைப் பெயர் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இந்தச் செய்தி நம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாம் படி: சொல்லைத் தேர்ந்தெடு

மேலூர் வட்டாரத்தில் கல் குவாரியும் கிரஷரும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரு கட்டட வேலையில் கொத்தனார் அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, கிரஷர் தூளும் எம்-சாண்டும் ஒரே கல்லுல இருந்து வர்றதுதானே? தூளு விலை கம்மி. அதையே போட்டா என்ன?"

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடப் போனால் முதலில் மோதுவது சொல் சிக்கல்தான். கிரஷர் தூள், குவாரி டஸ்ட், ஸ்டோன் டஸ்ட், எம்-சாண்ட், மேனுபாக்சர்டு சாண்ட், கிரஷ்டு ஸ்டோன் சாண்ட் என்று ஆளுக்கு ஒரு பெயர். இவற்றில் சில ஒரே பொருள், சில வேறு வேறு. ஜல்லி உடைக்கும்போது தானாக விழுகிற மிச்சம் தூள். மணலுக்குப் பதிலாகவே வேண்டும் என்று உருவம் கொடுத்து, சலித்து, தூசு நீக்கித் தயாரிப்பது எம்-சாண்ட். 'குவாரி டஸ்ட்' என்று மட்டும் போட்டுத் தேடினால் நமக்கு வேண்டிய பாதி ஆவணம் கண்ணில் படாது.

இதற்கு உரிய கோடு ஐ.எஸ். 383. 1970-ம் ஆண்டுப் பதிப்பின் தலைப்பிலேயே 'இயற்கை மூலங்களிலிருந்து கிடைக்கும்' ஜல்லி, மணல் என்று இருந்தது. 2016-ம் ஆண்டுப் பதிப்பில் அந்தச் சொற்கள் எடுக்கப்பட்டுவிட்டன. தயாரிக்கப்பட்ட மணலுக்கும், பழைய கட்டடத்தை உடைத்து எடுத்த ஜல்லிக்கும் கோட்டில் இடம் கிடைத்தது. ஆற்று மணல் அருகிப்போன கதை முழுவதும் ஒரு தலைப்பு மாற்றத்துக்குள் அடங்கியிருக்கிறது, பார்த்தீர்களா! 75 மைக்ரான் சல்லடையில் எவ்வளவு தூசு போகலாம் என்பதற்கும் அதில் வரம்பு உண்டு. ஆகவே கொத்தனார் அண்ணனுக்கான பதில்: "அண்ணே, கல்லு ஒண்ணுதான். ஆனா தூசி அளவும் பருமனும் கோட்டுக்குள்ள நிக்கணும். சலிச்சுப் பாத்துட்டுச் சொல்வோம்."

கம்ப்யூட்டரில் தேடும்போது மூன்று சிறிய சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். 'ஆண்ட்' போட்டால் இரண்டு சொல்லும் உள்ளவை மட்டும் வரும், வலை சுருங்கும். 'ஆர்' போட்டால் இரண்டில் எது இருந்தாலும் வரும், வலை விரியும். 'நாட்' போட்டால் வேண்டாததைக் கழிக்கும். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் நாம் பூட்டுகிற அதே கேட்டுகள்தான்! ஒரே பொருளின் வேறு வேறு பெயர்களை 'ஆர்' போட்டுச் சேர்ப்பது, அதோடு வேண்டிய விஷயத்தை 'ஆண்ட்' போட்டுப் பூட்டுவது. நல்ல தேடல் அவ்வளவுதான்.

தேடத் தெரிந்ததால் ஒரு நாடே ஜெயித்த கதையும் உண்டு. 1995-ல் அமெரிக்காவில், மஞ்சளைக் காயம் ஆற்றப் பயன்படுத்துவதற்கு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. நம் வீட்டில் காலில் அடிபட்டால் அம்மா முதலில் தேடுவது மஞ்சள் தூளைத்தான். ஆனால் 'எங்க பாட்டி காலத்துலேயே தெரியும்' என்பது அங்கே எடுபடாது. அச்சில் வந்த ஆவணம் வேண்டும். நம் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் தேடி 32 ஆதாரங்களைத் திரட்டியது. பழைய சமஸ்கிருத நூலும் அதில் உண்டு. 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் உண்டு. 1997-ல் அந்தக் காப்புரிமையின் உரிமைக்கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், 2001-ல், சித்த மருத்துவ நூல்கள் உள்பட நம் பழைய மருத்துவ அறிவையெல்லாம் தொகுக்கும் மின்னூலகத் திட்டம் தொடங்கியது. ஆவணம் முன்பே இருந்தது. அதைத் தேடி எடுத்து மேஜையில் வைத்த பிறகுதான் அது ஆயுதம் ஆயிற்று.

நான்காம் படி: எடைபோடு

இதற்கு நம் வீட்டு வாசலிலேயே உதாரணம் இருக்கிறது. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழக அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் எடுத்ததாக அறிவிப்பு வந்தது. ஊரே திரண்டது. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மேலூர் வட்டார மக்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள். அதே மாதம் 23-ந் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இவையெல்லாம் நமக்குத் தெரியும்.

அந்த நாட்களில் டீக்கடையில் நடந்த வாக்குவாதம் நினைவிருக்கிறதா? ஒருவர் 193 என்பார், ஒருவர் 477 என்பார், இன்னொருவர் 'இல்லப்பா, 1.93தான்' என்பார். மூன்றும் ஒரே இடத்தின் அளவுதான்! பல்லுயிர்த் தலம் 193.215 ஹெக்டேர். அதையே ஏக்கரில் சொன்னால் சுமார் 477. சதுர கிலோமீட்டரில் சொன்னால் 1.93. அதேபோல் சுரங்கத் தொகுதி 2,015.51 ஹெக்டேர், அதாவது 20.16 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட 5,000 ஏக்கர். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஒரே உண்மை மூன்று சண்டையாகிவிடும். நம்மைப் போல சர்வே படித்தவர்கள் டீக்கடையில் செய்திருக்க வேண்டிய முதல் உதவி இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். மொத்தப் பரப்பில் பல்லுயிர்த் தலம் 1.93 சதுர கிலோமீட்டர் மட்டுமே என்று மத்திய அரசின் அறிக்கை சொன்னது. பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, கணக்கு சரி. ஆனால் மிச்சம் ஒன்பது பங்கில் என்ன இருக்கிறது? வயலா, கண்மாயா, வீடா? அந்த எண் அதைச் சொல்லாது. அதற்கு கிராம வரைபடமும் அ-பதிவேடும் பார்க்க வேண்டும். ஓர் ஆவணம் எதைச் சொல்கிறது என்று பார்ப்பது பாதி வேலை. எதைச் சொல்லவில்லை என்று பார்ப்பது மீதி வேலை.

ஆகவே எந்தத் தகவலைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். யார் சொன்னது? எப்போது சொன்னது? எதற்காகச் சொன்னது? எந்த அலகில் சொன்னது? இன்று கேட்ட மாத்திரத்தில் பதில் எழுதித் தருகிற ஏ.ஐ. கருவிகள் வந்துவிட்டன. அவை சொல்வதையும் இதே நான்கு கேள்வியில் உரசிப் பாருங்கள். சரளமாகச் சொல்வது வேறு, சரியாகச் சொல்வது வேறு. கோடு எண்ணையும் ஆண்டையும் அது சொன்னால் மூல ஆவணத்தைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: பயன்படுத்து, பெயர் சொல்லு

எடுத்த தகவலை நம் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதும்போது எங்கிருந்து எடுத்தோம் என்று எழுத வேண்டும். கோடு எண், ஆண்டு, பிரிவு எண். இது மரியாதைக்காக மட்டும் அல்ல. நாளைக்கு அந்தக் கோடு மாறினால், நம் கணக்கில் எந்த இடத்தை மாற்ற வேண்டும் என்று அடுத்து வருகிறவர்க்குத் தெரிய வேண்டும். சீனியர் ரிப்போர்ட்டை அப்படியே பிரிண்ட் எடுத்து அட்டையை மட்டும் மாற்றினால், அதிலிருக்கிற பழைய கோடும் நம் பெயரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். காலாவதியான ஏட்டுச் சுரைக்காய் வயிற்றுக்கும் ஆகாது!

எப்படிக் கற்றுக் கொடுப்பது?

முதலாண்டு சேர்ந்ததும் எல்லோரையும் வரிசையாகக் கூட்டிப் போய், "இது ரெஃபரன்ஸ் செக்‌ஷன், இது பீரியாடிக்கல், சத்தம் போடாதீங்க" என்று சொல்லி அரைமணியில் வெளியே அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கம். அது நூலகத்தைக் காட்டுவது. தேடக் கற்றுக் கொடுப்பது அல்ல. பசி இல்லாதவனுக்கு விருந்து வைத்த மாதிரி. தேவை வரும்போது சொன்னால்தான் மனதில் நிற்கும். இதைப் பற்றிப் படித்ததிலும் பேசிப் பார்த்ததிலும் எனக்குச் சரி என்று தோன்றியவை இவை:

ஒன்று, வாசகரின் சொந்தச் சிக்கலிலிருந்து தொடங்க வேண்டும். கண் மருத்துவமனையில் நர்ஸுக்கு ஒரு கேள்வி இருக்கும், வேளாண் கல்லூரியில் பயிர்நோய் பார்க்கிறவருக்கு வேறு கேள்வி இருக்கும். எல்லோருக்கும் ஒரே பாடம் எடுத்தால் யாருக்கும் ஒட்டாது.

இரண்டு, நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுவாக, கையால் செய்து பழக வேண்டும். வெல்டிங்கைப் போர்டில் எழுதிக் கற்றுக்கொள்ள முடியுமா? தேடலும் ஒரு ஒர்க்‌ஷாப் வேலைதான்.

மூன்று, தமிழில் சொல்ல வேண்டும். ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தேடும் வழியைத் தமிழில் விளக்கினால் நம்மில் பாதிப் பேருக்கு உள்ள தயக்கம் போய்விடும். தமிழ்ச் சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொற்களின் பட்டியல் ஒன்றை நூலகத்தில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

நான்கு, நூலகரும் பாட ஆசிரியரும் சேர்ந்து நடத்த வேண்டும். எந்த ஆவணம் எங்கே என்று நூலகருக்குத் தெரியும். எந்தத் தகவல் எதற்கு என்று ஆசிரியருக்குத் தெரியும். தனித்தனியாக நடத்தினால் பாதிப் பாதிதான்.

ஐந்து, விடையைவிட வழியைச் சோதிக்க வேண்டும். எந்தச் சொல்லைப் போட்டோம், என்ன வந்தது, ஏன் மாற்றினோம், எதை ஏன் ஒதுக்கினோம் என்று ஒரு தேடல் குறிப்பேடு எழுதச் சொல்லலாம். லேப் அப்சர்வேஷன் நோட்டு எழுதுகிற நமக்கு இது புதிதல்ல.

வேலைக்குப் போன பிறகு நம்மில் பெரும்பாலோருக்குப் பக்கத்தில் சிறப்பு நூலகம் இருக்காது. சிறு பட்டறையிலோ, காண்ட்ராக்டர் ஆபீசிலோ, பஞ்சாயத்து வேலையிலோ இருப்போம். அங்கே கொத்தனாருக்கும் பிட்டருக்கும் விவசாயிக்கும் நாம்தான் நடமாடும் நூலகம். அவர்கள், "தம்பி, நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க" என்பார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியாக இருக்க வேண்டும்.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

கையேந்தி நிற்காமல் நாமே செய்யக்கூடிய மூன்று காரியங்களை மன்றத்தின் முன் வைக்கிறேன். இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்பு முடிவாகும் வாரத்தில், துறைக்கு ஒரு நாள், நூலகத்தில் தேடல் பயிற்சி. நூலகரிடமும் துறைத் தலைவர்களிடமும் மன்றப் பொறுப்பாளர்கள் கேட்டால் மறுக்க மாட்டார்கள். அடுத்து, ஒவ்வொரு துறையிலும் அடிக்கடி பயன்படுகிற கோடுகளின் எண்ணையும் இப்போதைய ஆண்டையும் எழுதிய ஒரு பலகை. ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்துத் திருத்தும் பொறுப்பு இரண்டாமாண்டு மாணவர்களுக்கு. மூன்றாவது, முதல்வரின் கடிதத்தோடு அனுமதி கேட்டு, ஆண்டில் ஒரு முறையாவது பக்கத்துச் சிறப்பு நூலகம் ஒன்றுக்குப் போய்வருவது. போகும்போது ஆளுக்கு ஒரு கேள்வியோடு போக வேண்டும். வெறுங்கையோடு போய்ச் சுற்றிப் பார்த்து வரக் கூடாது.

டிப்ளமோ மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். நாம் படித்த கோடுகளில் பாதி நம் சர்வீஸ் முடிவதற்குள் மாறிவிடும். பாடம் பழசாகும், தேடத் தெரிந்த கை பழசாகாது. அந்தக் கையோடு நாம் எல்லோரும் இந்தக் கல்லூரி வாசலைத் தாண்ட வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.